மாதாவைச் சுமக்காத தோள்

அந்தக் கோயிலைப் பற்றிச் சில்வெஸ்டரிடம் வாய் கொடுத்தால் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில் அது. கோபுரத்தின் அடிப்பகுதிதான் எல்லாவற்றுக்கும் மூத்தது என்று தொடங்குவார். சுவரின் தடிப்பைக் கையை விரித்துக் காட்டுவார். அதில் சன்னல் என்று இருப்பது வெறும் கீறல். "சண்டை வந்தா சனம் ஓடிவந்து இதுக்குள்ளதான் ஒளிக்கிறது. எங்கட ஆக்கள் மடுக் கோயிலுக்கு ஓடினமாதிரி." பீடத்தைச் சுற்றியுள்ள கூர்ச் சன்னல்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள் வைத்தவை. பழைய சண்டையொன்றில் சுவீடன்காரன் எரித்த கூரைக்குப் பதிலாகப் போட்ட கூரையின் உட்புறத்தில்தான் சிறகு வைத்த கொழுத்த சம்மனசுகள் பறக்கின்றன. கோயிலை யாரும் ஒரேயடியாகக் கட்டி முடிப்பதில்லை, வந்தவன் வந்தவன் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறான் என்பது அவருடைய கட்சி.

அவருக்கு மிகப் பிடித்தது வெளிச்சுவரோடு ஏறும் ஒடுங்கிய கற்படி. அந்தக் காலத்தில் பண்ணைக் கூலிகளும் வேலைக்காரப் பெண்களும் பெரிய வாசலால் வரக்கூடாது. இந்தப் படியால் ஏறி, தனிக் கதவால் நுழைந்து, மேல்மாடத்தில் நின்று பூசை காணவேண்டும். கீழே வாங்குகளில் காணிக்காரர் இருப்பார்கள்.

"பாத்தியளே, வெள்ளைக்காரனும் எங்களைமாதிரித்தான் இருந்திருக்கிறான். இப்ப அந்தக் கதவைத் திறக்கிறதேயில்லை, திறப்பும் துலைஞ்சுபோச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரில் அவருடைய தகப்பன் திருநாளுக்குத் திருநாள் மாதாவின் சிலை, சுருவம், ஊர்வலமாக வருகிற தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்தவர். தெளிக்கலாம், சுருவத்தைத் தொடக்கூடாது. தோளில் காவுவதற்கென்று வேறு குடும்பங்கள் இருந்தன. ஏன் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. சாதி என்ற சொல்லைக்கூட யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு மரியாதைக்காரர்கள்.

எண்பதுகளில் அகதியாக வந்த சில்வெஸ்டர், வெதுப்பகமொன்றில் மாமூட்டை தூக்கினார், ஊரிலிருந்து கொறற்றியைக் கூப்பிட்டுக் கலியாணம் முடித்தார், பிறகு அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். மெல்ல மெல்லக் கோயிலைத் திறந்து பூட்டுகிற பொறுப்பு அவரிடம் வந்தது. ஜெர்மன்காரப் பாதரின் பின்னால் திரிந்து மாதம் ஒரு தமிழ்ப் பூசைக்கு இடம் எடுத்தவர் அவர்தான். மடு மாதாவின் சுருவத்தை ஊரிலிருந்து எடுப்பித்ததும் அவர்தான். 2006 ஆவணித் திருநாளில் முதல்தடவையாகச் சுருவத்தைத் தெருவால் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. சுருவக் கூட்டைத் தூக்குகிற முன் காவுதடியில் தன்னுடைய தோள் இருக்கவேண்டும். இங்கே அதற்கு யார் குறுக்கே நிற்கப்போகிறார்கள் என்று நம்பினார்.

திருநாளுக்கு முந்திய கிழமை, சில்வெஸ்டர் பெரிய வாசல் கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஜெசிந்தன் வந்தார். அகதிமுகாமில் அவரோடு ஒரே அறையில் படுத்தெழும்பியவர். அவருடைய மகள் அஞ்சலாவுக்குச் சில்வெஸ்டர்தான் ஞானத்தகப்பன்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"சுருவம் காவ வேற ஆக்களை விட்டிருக்கினம். நீங்கள் முன்னால போய் றோட்டை மறிச்சுக் குடுத்தாக் காணும்."

"ஆர் முடிவெடுத்தது?"

"எங்கட ஊர்ச்சங்கத்திலதான். லண்டனிலயிருந்து, கனடாவிலயிருந்து எல்லாம் ஊராக்கள் வருகினம். பாத்தாக் கதைப்பினம். எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"நீ அங்க என்ன சொன்னனீ?"

ஜெசிந்தன் கதவையே பார்த்தார். "நான் என்னத்தைச் சொல்லுறது, அண்ணை."

"முன் தடி ஆருக்கு?"

"என்னைத்தான் நிக்கச் சொன்னவை."

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்? ஊரில் யாரோ செய்திருந்தால் சில்வெஸ்டர் தாங்கியிருப்பார். தன் தட்டில் சாப்பிட்டவன் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"போகாதேங்கோ. பேசாம வீட்டில இருங்கோ" என்றாள் கொறற்றி அன்று பின்னேரம்.

"நான் போகாட்டி ஆர் கதவு திறக்கிறது?"

திருநாளன்று கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். பூசை முடிந்து, நாலு பேர் சுருவக் கூட்டின் அருகில் வந்தார்கள். பாதர் சுற்றிலும் பார்த்தார். ஒளிவுமறைவு தெரியாத மனிதர். எல்லோருக்கும் கேட்க ஜெர்மனில் கேட்டார்:

"சில்வெஸ்டர், ஏன் அங்கே நிற்கிறீர்கள்? இதைக் கொண்டுவந்தவரே நீங்கள்தானே. தூக்கவில்லையா?"

ஜெர்மன் விளங்கியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஜெசிந்தனின் கை தடியில் அப்படியே இருந்தது. ஒரு வசனம் போதும், பாதர் அந்த இடத்திலேயே ஊர்வலத்தை நிறுத்திவிடுவார். சில்வெஸ்டருக்கு அது தெரியும், அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லவேண்டும் என்றால் தான் யார், தகப்பன் யார் என்பதையும் இந்தக் கிராமத்துக்கு முன்னால் தன் வாயாலேயே சொல்லவேண்டும். இங்குள்ள ஜெர்மன்காரர் யாரும் அதை அறிந்திருக்கவில்லை. அவமானம் செய்தவன் நிமிர்ந்து நிற்க, அவர்தான் வெட்கப்பட்டார்.

"இடுப்பு நோகுது, பாதர்" என்றார் ஜெர்மனில்.

ஜெசிந்தனுக்கு மூச்சு வந்தது. "ஓம் பாதர். அண்ணைக்குக் கனநாளா இடுப்பு ஏலாது" என்று அவரும் ஜெர்மனில் சேர்த்துக்கொண்டார்.

பாதர் பதறிப்போனார். தானே உள்ளே ஓடி ஒரு கதிரையைத் தூக்கிவந்து தெருவோரத்தில் வைத்து, சில்வெஸ்டரைக் கைபிடித்து இருத்தினார். முந்தின நாளும் மாமூட்டை தூக்கிய மனிதர், கிழவரைப்போல அதில் இருந்தார். மாதா அவரைக் கடந்து போனாள். ஜெசிந்தன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாதர் குனிந்து அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"கவலைப்படாதீர்கள். சுகமாகிவிடும். அடுத்த வருடம் நீங்களும் தூக்கலாம்."

"நன்றி, பாதர்" என்றார் சில்வெஸ்டர்.