ஸ்னாப்ஷாட் எடுத்த சனிக்கிழமை

1. பதினொன்று இருபது

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று என் திரையில் ஒரு வரி வந்தது. கட்டளையை மறுபடி தட்டினேன். அதே வரி. மூன்றாவது முறை தட்டும்போதே தெரிந்துவிட்டது, கோளாறு சர்வரில் இல்லை, என் கையில்தான் என்று. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கிளஸ்டரை முழுசாகப் படுக்க வைத்தது அன்றைக்குத்தான்.

என் பெயர் கோமதி, எங்கள் ஊர் அம்மன் பெயர். சங்கரன்கோவிலில் தடுக்கி விழுந்தால் ஒரு கோமதி மேல்தான் விழ வேண்டும். அதில் 'கம்ப்யூட்டர் கோமதி' என்றால் நான். சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்காகக் கன்டெய்னர் கிளஸ்டர்களைப் பராமரிப்பது என் வேலை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுவதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டேட்டா சென்டரில் பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கும். விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் ஒவ்வொன்றையும் பல வி.எம்.களாகப் பிரித்துக் கொடுக்கும். வி.எம். என்றால் கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். அப்படிப்பட்ட வி.எம்.களைச் சேர்த்துக் கட்டியதுதான் எங்கள் கிளஸ்டர். கஸ்டமரின் அப்ளிகேஷன்கள் சின்னச் சின்ன கன்டெய்னர்களாக அதன்மேல் ஓடும். எது எங்கே ஓட வேண்டும், விழுந்ததை எப்போது எழுப்ப வேண்டும், எந்த வேலையை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் மூன்று வி.எம்.கள் முடிவு செய்யும். அந்த மூன்றுக்கும் கன்ட்ரோல் பிளேன் என்று பெயர். ஒரே பதிவேட்டை மூன்றும் ஆளுக்கொரு பிரதியாக வைத்திருக்கும். குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் எந்த முடிவும் செல்லும்.

இனி சொந்தக் கதை. பதினாறு வருஷம் நான் சென்னையில், என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில். அவருக்கு இங்கே போர்வெல் மோட்டார், பைப் கடை. மகள் படிப்பு, என் வேலை என்று நான் அங்கேயே இருந்துவிட்டேன். மாசத்துக்கு இரண்டு முறை ரயிலில் வந்து போவது எங்கள் குடும்ப வாழ்க்கை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் என் மேலாளர் ஹேமாவிடம், ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் வார்த்தையில் கறார்.

"மூணு மாசம் பாக்கலாம் கோமதி. எந்தக் கம்ப்ளைன்டும் வரலன்னா பர்மனென்டா அங்கயே இருங்க. வந்துச்சுன்னா திரும்பி சென்னைக்கு வந்துடணும். சரியா?"

சரி என்றேன். அந்த மூன்று மாசம் முடியப் பதினோரு நாள் இருக்கும்போதுதான் இந்தச் சனிக்கிழமை வந்தது.

2. பழைய பழக்கம்

நான் வெறும் வி.எம்.களை மட்டும் பார்த்த காலத்து ஆள். அன்றைக்கு எங்களுக்கு ஒரே மந்திரம்: எதைத் தொட்டாலும் முதலில் ஸ்னாப்ஷாட் எடு. அதாவது அந்த வி.எம். இந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைத்துக்கொள்வது. வேலை கெட்டுப்போனால் ரிவர்ட் என்ற பொத்தானை அழுத்தினால் போதும், பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஷிப்ட் மாறும்போது "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற மாதிரி, "ஸ்னாப் எடுத்தாச்சா" என்றுதான் கேட்டுக்கொள்வோம். அது எத்தனையோ பேரின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது.

கிளஸ்டருக்கு அது ஆகாது. கன்ட்ரோல் பிளேன் வி.எம். ஒன்று கெட்டால் அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும், ரிவர்ட் செய்யவே கூடாது. எங்கள் செய்முறைக் கையேட்டிலேயே அப்படி இருக்கிறது. அந்தக் கையேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான்தான்.

அன்று பத்து மணிக்கு பேட்ச், அதாவது மென்பொருளுக்கான திருத்தம், போட உட்கார்ந்தேன். மூன்று வி.எம்.களுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. முதல் வி.எம்.மில் பேட்ச் போட்டேன். அது எழுந்திருக்கவில்லை. பத்து ஐம்பதுக்கு ரிவர்ட் அழுத்தினேன்.

மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் ஐம்பது நிமிஷ ஞாபகத்தை அழித்துவிட்டு மறுபடி உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? "நீ சரின்னு சொன்னியே" என்று மற்ற இருவரும் கேட்க, இவர் "நான் எப்போ சொன்னேன்" என்று முழிப்பார். பதிவேட்டைக் காக்கும் மென்பொருள் முழித்துக்கொண்டுகூட இருக்காது. கணக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அப்படியே நின்றது.

அப்போதும் இரண்டு நன்றாகத்தான் இருந்தன. அந்த நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து ஒரு காபி குடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குப் பதற்றம். ஒன்று பின்தங்கியிருக்கிறது, இன்னொன்றையும் பின்னுக்கு இழுத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும் என்று புத்தி கெட்டுப்போய் நினைத்தேன். இரண்டாவது வி.எம்.மையும் ரிவர்ட் செய்தேன். அதுவும் நின்றது. மூன்றாவது தனியாக மாட்டிக்கொண்டது. தனி ஒன்றின் பேச்சு எதுவும் செல்லாது. கிளஸ்டர் படுத்துவிட்டது.

இரண்டு நிமிஷம் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். திறந்திருந்த கான்ஃபரன்ஸ் காலில் ஜெபராஜின் குரல் கேட்டது. அவன் என் டீமில் இருப்பவன், சொந்த ஊர் வாசுதேவநல்லூர், வேலை சென்னை ஆபீஸில்.

"யக்கா, இருக்கியளா? யக்கா?"

ஹேமாவும் கான்ஃபரன்ஸில் சேர்ந்தார். கஸ்டமர் தரப்பிலிருந்து ஒருவரும் வந்தார். மருந்துக் கடைகளுக்கு மருந்து அனுப்பும் நிறுவனம் அது. ஓடிக்கொண்டிருந்த அப்ளிகேஷன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மறுநாள் எந்த வண்டியில் எந்த மருந்து என்று லிஸ்ட் போடும் வேலை தானாகத் தொடங்க வேண்டும். தொடங்கி வைக்க ஆளில்லை.

"மேடம், அஞ்சு மணிக்கு லிஸ்ட் வரலன்னா நாளைக்கு ஒரு வண்டியும் நகராது. இன்சுலின் எல்லாம் அதுலதான் போவுது" என்றார் கஸ்டமர். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மூன்றாவது வி.எம்.மை நான் தொடாமல் விட்டது தெய்வாதீனம். அதன் பதிவேட்டை அப்படியே நகலெடுத்தோம். அதை வைத்து ஒற்றை ஆள் கிளஸ்டராக எழுப்பினோம். நான் கெடுத்த இரண்டையும் அழித்துவிட்டுப் புதிதாக இரண்டைக் கட்டிச் சேர்த்தோம். ஜெபராஜ் ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படிப்பான், நான் பார்த்து "ம்" என்ற பிறகுதான் தட்டுவான். மூன்று நாற்பதுக்குக் கிளஸ்டர் பதில் சொன்னது. ஐந்து மணிக்கு லிஸ்ட் போனது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்போது ஹேமா கேட்டார். "கோமதி, நடுவுல ரெண்டு நிமிஷம் நீங்க பேசவே இல்லயே. உங்க லைன் கட் ஆச்சா? அதுல ஏதாவது கமாண்ட் பாதியில நின்னுடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் தனியாக போனில் கூப்பிட்டான். "யக்கா, நெட்டு போயிட்டுன்னு சொல்லிருங்க. நம்ம ஊர்ல நெட்டு போகும்னு எல்லாவனுக்கும் தெரியும்லா. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

பிள்ளை நல்ல மனசில்தான் சொன்னான். நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. ஹேமாவிடம், "செக் பண்ணிட்டு ரிப்போர்ட்ல எழுதுறேன்" என்றேன். அதற்குப் பொய்யே சொல்லியிருக்கலாம்.

3. கம்பத்தில் அண்ணாச்சி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயிலில் வாசலில் வண்டிச் சத்தம். செல்லத்துரை அண்ணாச்சி ஏணியோடு வந்து நின்றார். எங்கள் தெருவுக்கெல்லாம் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் கொடுப்பவர் அவர்தான். நான் ஊருக்கு வரும்போது, "லைனு ஒரு நிமிஷம் போனாலும் என்னய ஏன்னு கேளுங்க" என்று வாக்குக் கொடுத்தவர்.

"ஏ தாயி, நேத்து என் லைனு கட்டாயிட்டாமே? உங்க வீட்டுக்காரரு டீக்கடையில நாலு பேரு முன்னால கேக்காரு. எனக்கு மானமே போயிட்டு!"

நாங்கள் போனில் பேசியதை அரையும் குறையுமாகக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் டீக்கடையில் போய் அளந்திருக்கிறார். அண்ணாச்சி உள்ளே வந்து மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"மைனஸ் பத்தொம்பது. பைபர் வயருல வெளிச்சம் அருமையா வருது பாத்துக்கிடுங்க. அப்போ கம்பத்துல இருக்க ஜாயின்ட்டுலதான் ஏதோ இருக்கு."

"விடுங்க அண்ணாச்சி. வெயிலு கொளுத்துது."

"அதெப்படி விட? சென்னைக்காரன் முன்னால நம்ம ஊரு பேரு கெட்டுரக் கூடாதுல்லா!"

ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறிவிட்டார். வயது அறுபதுக்குப் பக்கம். கீழே நின்று மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறேன். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஒரு கோளாறும் இல்லாத லைனில், நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக, இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருக்கிறார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது.

"அண்ணாச்சி, எறங்குங்க! உங்க லைன்ல ஒண்ணும் இல்ல. தப்பு நான் பண்ணுனது."

"என்னது?"

"நான்தான் தப்பு பண்ணுனேன். லைனு கட்டாகவே இல்ல."

அண்ணாச்சி கையிலிருந்த வயரைப் பார்த்தார். பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"இத நான் ஏறுததுக்கு முன்னால சொல்லக் கூடாதா தாயி? இப்பதான் அறுத்தேன். இனி ஒட்டிட்டுதான் எறங்கணும்."

ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று மாசத்தில் என் வீட்டு லைன் கட்டான ஒரே நேரம் அதுதான். அந்த முக்கால் மணி நேரத்தில் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பேனாவால் ரிப்போர்ட் எழுதினேன். எத்தனை மணிக்கு எந்தப் பொத்தானை அழுத்தினேன், ஏன் அழுத்தினேன், எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். லைன் வந்ததும் தட்டச்சு செய்து வைத்தேன். அண்ணாச்சி இறங்கி வந்து மோரை ஒரே மடக்கில் குடித்தார். என்னைத் திட்டவில்லை. "டீக்கடையில மட்டும் ஒரு வார்த்த சொல்லிரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னட்டி இது! அப்போ நான் அவருகிட்ட மன்னிப்பு கேக்கணுமோ?"

"ஆமா. கேட்ட எடத்துலேயே போய்ச் சொல்லுங்க."

"நாலு பேரு முன்னாலயா?"

"நாலு பேரு முன்னாலதான கேட்டீய?"

தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இத நீ அனுப்புனா, சென்னைக்குப் போணுமோ?"

"போக வேண்டியதிருக்கும்."

"சரி, போனா போயிட்டுப் போகுது. முன்ன மாதிரி வந்து போயிக்கிடலாம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடைச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் அனுப்பினேன்.

4. ஹேமாவின் போன்

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு ஹேமா கூப்பிட்டார்.

"ரெண்டாவது தடவ ஏன் ரிவர்ட் பண்ணீங்க?"

"பயத்துல பண்ணிட்டேன்."

"சனிக்கிழமையே ஏன் சொல்லல?"

"அதுவும் பயத்துலதான்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "கோமதி, சனிக்கிழமை சாயங்காலமே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் டைப் பண்ணி வெச்சிருந்தேன். அந்த ஊர் லைனை நம்ப முடியல, உங்களைச் சென்னைக்கே வரவெச்சுடலாம்னு. லைன் போச்சுன்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? நான் வந்து கம்பத்துல ஏற முடியுமா? உங்க தப்புன்னா அது வேற. அதைச் சரி பண்ணலாம். மெயிலை டெலீட் பண்ணிட்டேன்."

கம்பம் என்றதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மியூட்டில் போட்டுக்கொண்டேன்.

தண்டனை இல்லாமல் போகவில்லை. இரண்டு மாசத்துக்கு, கஸ்டமரின் கிளஸ்டரில் நான் எதைத் தொட்டாலும் ஜெபராஜ் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். நான் வேலை சொல்லிக் கொடுத்த பயல்! "யக்கா, அந்த வரிய இன்னொருக்கா காட்டுங்க பாப்போம்" என்று வேண்டுமென்றே இழுத்தடிப்பான். "ஏலே, ரொம்பத்தான் பண்ணுத" என்று ஏசிக்கொண்டே காட்டுவேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கன்ட்ரோல் பிளேன் வி.எம்.களில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் அனுமதியையே எல்லோருக்கும் எடுத்துவிட்டோம், எனக்கும் சேர்த்து.

இரண்டு மாசம் முடிந்ததும் கடிதம் வந்தது. பணியிடம் என்ற கட்டத்தில் சங்கரன்கோவில் என்று அச்சடித்திருந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கிப் போய்க் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். மோட்டார் வாங்க வந்த பக்கத்துக் கரிவலம் ஊர் விவசாயி ஒருவர் அதை கேரன்டி கார்டு என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். வீட்டுக்காரர் வண்டியில் துரத்திப் போய் வாங்கி வந்தார்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டால், உடனே அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள். கையை எடுத்துவிட்டு வாயைத் திறங்கள். என்ன நடந்தது என்று அப்போதே, அங்கேயே சொல்லிவிடுங்கள். கிளஸ்டரை விழ வைத்ததற்காக என்னை யாரும் சென்னைக்குக் கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் அந்த மெயில் தயாராகி இருந்தது.