ட்ரோன் எடுத்த ஒரே படம்

எங்கள் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர் இன்று காலை ஆரம்பாக்கம் வயலுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டார். துணைக்கு நான்.

பம்புசெட்டில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

மண்வெட்டியோடு வயல்காரர் ஓடிவந்தார். "பொம்பளைங்க குளிக்கறத படம் புடிச்சிக்கினு கீறீங்களாடா?"

என் காலரைப் பிடித்து விட்டார் ஓர் அறை. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். எஞ்சினியர் பதறிப்போய் ட்ரோனைக் கீழே இறக்க, வயல்காரர் அதை மண்வெட்டியால் கொத்திச் சுக்குநூறாக்கினார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. என் மேல்தான் பாய்ந்தார். "வெளிநாட்டுக்காரங்க இங்க ட்ரோன் உடவே கூடாது. அவருக்குத் தெரியல, கூட இருக்கிற நீ சொல்லக் கூடாது?"

நொறுங்கிய ட்ரோனில் தப்பியிருந்த மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தார்கள். பெண்கள் யாருமே அதில் இல்லை. நான் அறை வாங்கியதுதான் மேலிருந்து துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

என் உச்சந்தலை வழுக்கையும்.

நண்பர்களே, கூடவே இருக்கிறீர்களே, ஒருத்தராவது சொன்னீர்களா?