மலைச்சாமி வளைவு

போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் பழைய மலைச்சாலையில் வளைவுகளுக்கு எண் கிடையாது. எந்த டிரைவரின் வண்டி எங்கே உருண்டதோ, அந்த வளைவு அவர் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். இவ்வளவு சுலபமாகப் பட்டா கிடைத்த இடம் ஜில்லாவில் வேறில்லை.

மார்க்கையன்கோட்டை மலைச்சாமிக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் ஜீப்பில் திரும்பியவர், பிரேக் பிடிக்காததும் வெளியே குதித்துப் புதருக்குள் மயங்கிக் கிடந்தார். ஜீப் பள்ளத்துக்குப் போனது. மறுநாள் அவர் நொண்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது, பஸ் நிறுத்தத்தில் அவருடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அவரைப் பார்த்துச் சிரித்தது. மனைவி முருகம்மாள் அழுது ஓய்ந்தபின், "போஸ்டருக்காச்சும் ஒழுங்கா தலை சீவியிருக்கீக" என்றார்.

சுவரொட்டியைக் கிழித்தார்கள். வளைவின் பெயரைக் கிழிக்க முடியவில்லை.

மற்ற பெயர்க்காரர்கள் எல்லாரும் பள்ளத்தில் இருந்தார்கள். தன் வளைவு மட்டும் வெறும் வயிற்றோடு காத்திருப்பதாக மலைச்சாமி நம்பினார். அதன்பின் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

சாலையை உடைத்த ஒரு நிலச்சரிவுக்குப் பிறகு, வண்டிக்கு ஆகாத சாலை காலுக்கு ஆகும் என்று வனத்துறையினர் முடிவுசெய்து மலையேற்றப் பாதையாக்கினார்கள். வளைவுகளின் பெயர்களைப் பச்சைப் பலகையில் அழகாக எழுதினார்கள். பெயர் வந்த காரணத்தை மட்டும் எழுதவில்லை. மலைச்சாமிக்கு அடிவார கேட்டில் காவல் வேலை; மேலே ஏற வேண்டியதில்லை.

ஒரு மாலை, மூடும் நேரம். ஷெரின் என்ற கல்லூரிப் பெண் மட்டும் இறங்கி வரவில்லை. மேலே மஞ்சு கவியத் தொடங்கியிருந்தது. அனுப்புவதற்கு வேறு ஆளில்லை. மலைச்சாமி ஏறினார்.

அவருடைய வளைவில்தான் இருந்தாள். தடுப்புச்சுவரின்மேல் ஏறி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, பெயர்ப்பலகையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். காலடியில் கல் லேசாக ஆடியது. கத்தினால் திடுக்கிடுவாள்.

அவரைப் பார்த்ததும், "யாரு தாத்தா இந்த மலைச்சாமி?" என்றாள்.

நான்தான் என்றால் இன்னொரு படத்துக்கு அங்கேயே நிற்பாள்.

"செத்துப் போனாருத்தா. நீ நிக்கிற அந்த எடத்துலதான். மெதுவா எறங்கி வா."

சிரிப்பு மறைந்தது. இறங்கினாள். அவள் கால் எடுத்ததும் கல் புரண்டு மஞ்சுக்குள் போனது. இருவரும் காத்திருந்தார்கள். விழுந்த சத்தம் வரவில்லை.

கேட் வரும்வரை அவள் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தாள். மலைச்சாமி வாயைத் திறக்கவில்லை. பின்னால் வளைவு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.