காது மிசினுக்கு ஒரு கையெழுத்து

என் மாமனாருக்குக் காது கேட்காது என்பது ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் ஊர் குடிபாலாவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் அவருடைய ஆமென் எல்லோருக்கும் பின்னால் தனியாக வரும். பக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்குத்தான் பயம். தினமும் சாயங்காலம் என் ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூர் ரோட்டில் நடப்பார். ஒருநாள் பின்னால் ஹாரன் அடித்தபடி வந்த பஸ், இவர் ஒதுங்காததால் பிரேக் போட்டு நின்றது. இனிமேல் குழந்தையைத் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் சித்தூரில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டால் அரசாங்கமே இலவசமாகக் காது மிசின் தரும்.

மனுவில் ‘சுத்தமாகக் கேட்காது’ என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் தட்டு விழுந்தால் திரும்புவாரே, பொய் எழுதிவிட்டேனோ என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். மாமனாரோ சலவை வேட்டியில் உற்சாகமாக இருந்தார்.

"சர்க்கார் டாக்டரு கேட்டா டக்குனு பதில் சொல்லணும்மா. அதான் மருவாதி."

அப்படியே செய்தார். டாக்டர் தெலுங்கில் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நன்றாகத்தானே கேட்கிறது என்று என்னைப் பார்த்தபடி டாக்டர் பேனாவை மூடினார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, எனக்குத் தெரிந்த தெலுங்கில், கையிலிருக்கும் ஃபைலை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு கேளுங்கள் என்றேன்.

பிடித்தார். மாமனார் வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். ஃபைலும் வலப்பக்கம் போனது. அவர் இடப்பக்கம் சாய்ந்தார். டாக்டர் முகத்தையே மூடிக்கொண்டார்.

"இன்னாம்மா, டாக்டரு வெக்கப்படறாரு?" என்று மாமனார் உரக்கக் கேட்டார்.

ஃபைலுக்குப் பின்னாலிருந்து, "பெரியவரே, வேட்டி அவிழுது" என்று தெலுங்கில் ஒரு குரல் வந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் அவரவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். இவர் மட்டும் கையைக்கூட அசைக்கவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மிசின் கிடைத்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஓர் ஒயர். முதல் நாள் சாயங்காலமே, தூரத்தில் ஹாரன் கேட்டதும் குழந்தையோடு ரோட்டை விட்டு இறங்கி நின்றார். எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அந்த உயிரில் பாதி போய்விட்டது. கல்யாணமாகி வந்த இந்த இரண்டு வருஷமும், சமையலறையில் நின்றபடி அவர் முதுகைப் பார்த்து நான் முணுமுணுத்தது கொஞ்சமில்லை. மூன்றாவது காபி, உப்பில்லை என்கிற புகார், எல்லாவற்றுக்கும் முணுமுணுப்பு உண்டு. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் பெட்டியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, மிசினு கெட்டுப்போச்சா? உன் சத்தமே கேக்கலியே."

"நான் ஒண்ணும் பேசலியே மாமா."

"பேசுவியே. பீரோ கண்ணாடியில பாத்துக்கினுதான இருந்தேன். பாதிதான் புரிஞ்சிது. மீதிய கேக்கலாம்னு ஆசையா இருந்தேன்."

மூன்றாவது காபி கேட்டார். பெட்டியின் சத்தத் திருகைக் கூட்டி வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.