ஓடாமல் நின்றவள் பேர்

ஈரக் கூந்தலின் சீயக்காய் வாசமும் சாம்பிராணிப் புகையும் கலந்து, முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே மணத்துக் கிடந்தால் அது மதலேன் மரியாளின் திருநாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்தவள் அவள்தான் என்று நம்பிய எங்கள் தெருப் பெண்கள், மற்ற நாளில் தலையை விரித்துப் போட்டால் "வீட்டுக்கு ஆகாது" என்று வைகிறவர்கள், அன்று மட்டும் பின்னாமல், கொண்டை போடாமல், தெருமுனையில் குகை போலக் கட்டி அவள் சுரூபம் வைத்திருந்த "கெபி"க்கு மெழுகுவத்தியோடு போவார்கள்.

எனக்கும் அவள் பேர்தான். அதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிரசங்கத்தில் "பாவியாகிய மதலேன்" என்று வரும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறைமாவட்ட ஆயர் வந்து நெற்றியில் தைலம் பூசும் உறுதிபூசுதலுக்கு முந்தைய வாரம், கோயில் உபதேசியார் இராயப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆயர் பேரு கேப்பாரு. அவரு முன்னாடி போயி பாவி பேர சொல்லணுமா? தெரேஸ்னு மாத்திடும்மா" என்றார்.

மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏசுசாமிய புடிச்சிட்டுப் போனப்ப 'எனக்கு அவர தெரியாது'ன்னு மூணு தரம் சொன்னாரே இராயப்பரு, அவரு பேரு உங்களுக்கு. சிலுவையண்ட ஓடாம நின்னு, உயிர்த்த சாமிய மொதல்ல பாத்தவ பேரு எம்பொண்ணுக்கு. யாருங்க மாத்திக்கணும்?" உபதேசியார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. ஆயர் முன்னால் என் முறை வந்தபோது பின்னாலிருந்து "தெரேஸ், தெரேஸ்" என்று முணுமுணுத்தார். நான் "மதலேன்" என்றேன். கடைசி வரிசைவரைக்கும் கேட்டதாக அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இன்று அதே பீடத்திலிருந்து மதலேன் மரியாளை அப்போஸ்தலர்களுக்கே அப்போஸ்தலர் என்கிறார்கள். கூந்தலால் துடைத்தவள் வேறொருத்தி, இருவரையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம் என்றும் சொல்கிறார்கள். அம்மா இருந்து கேட்டிருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தோடு எங்கள் பெண்களின் விரித்த கூந்தலும் போயிற்று. சாலையை அகலப்படுத்தியபோது கெபியும் போயிற்று. திருநாளன்று எல்லாரும் பின்னிப் பூவைத்து ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார்கள்.

நான் மட்டும் நரைத்த தலையைச் சீயக்காய் போட்டு அலசி, விரித்துவிட்டபடி முன்வரிசையில் போய் நிற்கிறேன். போன திருநாளில் ஓர் இளம் சாமியார் அருகில் வந்து, "கூந்தலால தொடைச்சது இவங்க இல்லீங்கம்மா, வேற பொம்பளை" என்று பணிவாகச் சொன்னார்.

"தெரியும் சாமி" என்றேன். "அந்தப் பொம்பளைக்கு வேதத்துல ஒரு பேருகூட எழுதி வைக்கல. அவளுக்கும் ஒருத்தி நிக்கணுமில்ல."