படகு இருக்கட்டாம், ஆக்களை எடுக்கட்டாம்

1. தொலைபேசி

ஜெர்மனியின் எசன் நகரில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்துக்கு நான் ட்ரோன் படங்கள் எடுத்துக் கொடுத்து வந்தேன். அங்கே ப்ராஜெக்ட் மனேஜர் தினேஷ், அங்கேயே பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளை. ஒரு திங்கட்கிழமை காலையில் அழைத்தான்.

"வதனி அக்கா, ஏரிப் படம் கஸ்டமருக்கு நல்லாப் பிடிச்சிருக்காம். ஒரு சின்ன வேலை மட்டும். கரையில நிக்கிற ஆக்களைப் படத்திலயிருந்து எடுத்துவிடட்டாம்."

"படகில போற ரெண்டு பேரையும் எடுக்கவோ?"

கொஞ்சம் தயங்கினான். "இல்லை. அவையள் இருக்கட்டாம்."

படகில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர். கரையில் நின்றவர்கள் நம் தமிழ் ஆட்கள்.

2. இடம்

ஹம் நகருக்குப் பக்கத்தில் உள்ள சிறு ஊர் ஒன்றின் சுற்றுலா அலுவலகம்தான் கஸ்டமர். தங்கள் சுற்றுலாக் கையேட்டுக்காக, யாரும் அதிகம் அறியாத ஓர் இடத்தை மேலிருந்து எடுத்துத் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பட்டியலில் இருந்த இடங்கள் எல்லாம் ஏற்கெனவே தபாலட்டையில் வந்தவை.

அந்த ஏரியைக் காட்டியவர் ரஜனி அக்கா. அதே ஊரின் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். முன்பு ஜல்லி தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரி அது. சோள வயலைச் சுற்றிப் போனால் வேலி முடிகிற இடத்தில் ஒரு புல்கரை. அதற்கு எதிர்ப்பக்கம் நாணல். லீவு நாட்களில் ரஜனி அக்காவும் கூட வேலை செய்கிறவர்களும் பாய், றோல்ஸ், தேத்தண்ணிப் போத்தலோடு அங்கே போவார்களாம்.

பறக்கத் தடையில்லாத இடமா என்று வரைபடத்தில் பார்த்து, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கினேன். நாணலில் பறவைகள் கூடு கட்டியிருந்ததால் அந்தப் பக்கம் ட்ரோனை விடவில்லை. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்வரை காத்திருந்தேன். நீரின் பளபளப்பை அடக்க ஃபில்டர் போட்டேன். படகில் இருந்த தம்பதியிடமும் கரையில் இருந்தவர்களிடமும், படம் விளம்பரத்தில் வரும் என்று சொல்லிச் சம்மதம் கேட்டேன்.

ரஜனி அக்கா சேலையைச் சரிசெய்தார். "இந்த ஊர்ப் புத்தகத்தில நாங்களும் வரப்போறமோ? அப்ப வடிவா எடுங்கோ."

எடுத்தேன். பச்சை நீர், வெள்ளைப் படகு, புல்லில் மஞ்சளும் சிவப்புமாய் ஆறேழு பேர் தலையை உயர்த்திச் சிரித்தபடி. அந்த வருடத்தில் நான் எடுத்ததில் சிறந்த படம் அதுதான்.

3. வீடியோ கூட்டம்

கஸ்டமரோடு நானே பேசவேண்டும் என்று தினேஷிடம் சொன்னேன். மறுநாள் சுற்றுலா அலுவலகப் பொறுப்பாளர் திரையில் வந்தார்; தினேஷும் இருந்தான். பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"இடம் தனிமையாகத் தெரியவேண்டும்" என்றார் ஜெர்மனில்.

"அப்படியென்றால் படகையும் எடுத்துவிடுகிறேன். இரண்டும் இல்லாத படமும் என்னிடம் இருக்கிறது."

"இல்லை, படகுதான் படத்துக்கு உயிர் தருகிறது."

"கரையில் இருப்பவர்கள்?"

சரியான சொல்லைத் தேடினார். "அவர்கள் இந்தப் பகுதி ஆட்கள் மாதிரி இல்லை."

இந்தப் பகுதியின் முதியவர்களைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிடுகிறவர்கள் அவர்கள். அதைச் சொன்னேன். அது வேறு விஷயம் என்றார். தினேஷ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்றில் எல்லாரும் இருக்கவேண்டும், அல்லது ஒருவரும் இருக்கக்கூடாது. வேறு மாதிரி நான் செய்து தரமாட்டேன்" என்று சொல்லி முடித்தேன்.

பிறகு தினேஷ் தனியாக அழைத்தான். "அக்கா, எனக்கு விளங்குது. ஆனா இதைப் பெரிசாக்க ஏலாது."

"உன்ர அம்மா அந்தப் புல்லில நிண்டிருந்தா?"

திருத்தும் உரிமை ஒப்பந்தப்படி நிறுவனத்திடம் இருந்தது. கரையில் நின்றவர்களை வேறு யாரோ அழித்தார்கள். என் பெயரைப் போடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் வேலையை விட்டேன்.

4. ரஜனி அக்கா

நடந்ததைச் சொல்ல நானே அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பே முதியோர் இல்லத்தின் வாசலில் அந்தக் கையேட்டை அடுக்கி வைத்துவிட்டார்கள். ஒன்றை எடுத்து வந்திருந்தார். என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, படத்தில் வெறும் புல்லைத் தொட்டுக் காட்டினார்.

"ஆக்களை எடுத்தவை, நிழலை விட்டிட்டினம். இது என்ர நிழல் வதனி."

உண்மைதான். அவசரமாகச் செய்த வேலை. புல்லில் ஆறேழு நீண்ட நிழல்கள், ஆட்கள் இல்லாமல் கிடந்தன.

"நாங்கள் ஞாயிறு அங்கதான் போறம்," என்றார். "நீரும் வாரும்."

இப்போது என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: சம்மதம் தந்து நின்ற மனிதரை என்னைக் கேட்காமல் படத்திலிருந்து அழிக்கக்கூடாது. அதைப் பார்த்துவிட்டுப் போன கஸ்டமர்களும் உண்டு. போகட்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரைக் கேட்டுப் படத்தில் நிறுத்தினால், அந்தப் படம் அச்சாகி வரும்வரை அவருக்கு நீங்கள் பொறுப்பு.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயலவுமில்லை.