பூக்கும் வரை காத்திருந்த கீரை

என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கே" என்றார். சோதனைச் சீட்டும் அதையே சொன்னது. சிரப் எழுதிக் கொடுத்தார். தினமும் கீரை கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் பஸ் ஏறுவதற்குள்ளேயே, கர்ப்பமாக இருந்தபோது எத்தனை நாள் சத்து மாத்திரையை மறந்தேன் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அது 2012. என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை. காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். வடக்குப்பட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் எங்களுக்கு. முன்கட்டில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான். ஆனால் அதற்குள் இரண்டு பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். மாலையில் நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கப் போகும் ஒரு மணி நேரம் என் மகள் அவளிடம்தான் இருப்பாள்.

சைக்கிளில் வரும் அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். பருப்போடு, நெய்யோடு, கதையோடு கொடுத்தேன். மகள் நாக்கின் நுனியால் கீரையை மட்டும் பிரித்து வெளியே தள்ளினாள். சோறு உள்ளே போகும், கீரை தாடையில் வழியும். சிரப்பும் அப்படியே. மூன்று மாதத்தில் முதல் வாரம் இப்படியே போனது.

மழை பெய்த மறுநாள் முன்கட்டுக்காரி முந்தானையில் ஒரு மூட்டையோடு வந்தாள். ஊருக்குப் பின்னால் தொழிற்பேட்டைக்காக வளைத்துப் போட்டு, இன்னும் எந்தக் கம்பெனியும் வராத நிலம் ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதி இவர்களுடையதாக இருந்ததுதான். கம்பி வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. மூட்டையை அவிழ்த்தபோது நாலைந்து விதமான தளிர்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"கலவைக்கீர. நல்லா கடைஞ்சி பாப்பாவுக்குப் போடுக்கா. சப்புக்கொட்டிகினு துன்னும்."

நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். ஆகவே முதலில் பெயர் கேட்டேன். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை என்று எடுத்து எடுத்துப் போட்டாள். ஒரு தளிரில் மட்டும் தயங்கினாள்.

"இதுக்குப் பேரு?"

"அது கலவையில போடறது."

"சரி, அதுக்குப் பேரு?"

"அதான்க்கா, கலவையில போடறது. தனியா அத்த யாரு கூப்புடப் போறாங்க, பேரு வெக்கிறதுக்கு?"

கல்லூரியில் பூ இல்லாத செடியைக் கொண்டுபோனால் எங்கள் பேராசிரியை கையில்கூட வாங்க மாட்டார். பூவைப் பிரித்து, இதழையும் மகரந்தத் தாளையும் எண்ணிய பிறகுதான் ஒரு செடிக்குப் பெயர் சொல்ல வேண்டும் என்பது மூன்று வருடம் எனக்குள் ஏற்றப்பட்ட பாடம். என் மகளின் வாய்க்குள் போகும் செடிக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா? பூத்து, நான் நிச்சயப்படுத்தாத எதையும் அவளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த மூட்டையை எங்களுக்கு மட்டும் சமைத்தேன். என் கணவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அதில் பாதி நேரம் அவருடைய முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

"என்ன அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல. தல சுத்துதா?"

"நீ பாக்குறதுலதான் சுத்துது."

மறுநாள் பெயிண்ட் வாளிகள் ஐந்து கிடைத்தன. வேலிக்குள் போய் ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியை வேரோடு எடுத்து வந்து நட்டேன். பெயரில்லாததும் ஒரு வாளியில் நின்றது. தினமும் காலையில் எழுந்ததும் மொட்டு வந்ததா என்று பார்ப்பேன். மாதிரிக்காகச் சில கிளைகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே அரிசி டிரம்மை ஏற்றி வைத்தேன். ஒரு நாள் என் கணவர் கிரிக்கெட் செய்தி தேடி அந்தத் தாளை உருவ, காய்ந்த கீரை முழுவதும் இஸ்திரி போட்ட யூனிபார்மின்மேல் கொட்டியது.

"ஏளா, நீ புள்ளைக்குக் கீர குடுக்கப் போறியா, இல்ல பரீட்சைக்கு அனுப்பப் போறியா?"

முன்கட்டுக்காரியோ வாளிகளைக் கடக்கும்போதெல்லாம் சிரித்தாள். "கீரைக்கு ஜாதகம் பாத்துகினு கீறியே! நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள அது முத்திப்பூடும்."

முத்தித்தான் போனது. ஐந்து வாரம் கழித்துப் பண்ணைக்கீரை வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விட்டது. குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் பூத்தன. உட்கார்ந்து பூவைப் பிரித்தேன். என் பழைய புத்தகத்தோடு எல்லாம் அப்படியே பொருந்தியது. அன்று எனக்கிருந்த நிம்மதிக்கு அளவில்லை. வேலிக்குள் போய்ப் பூத்த செடியாகப் பார்த்துப் பறித்தேன், அவைதானே உறுதியானவை. வேகவைத்தேன், வெந்துகொண்டே இருந்தது. மத்தால் கடைந்தால் மத்தைச் சுற்றி நார் திரண்டது. மகளுக்கு முதல் வாய் கொடுத்தேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, முழுவதையும் அப்பாவின் சட்டையில் துப்பினாள்.

என் கணவர் ஒரு வாய் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "கயிறு திரிக்கலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ வந்தால் எனக்குப் பெயர் தெரியும், ஆனால் அதற்குள் அது கீரையாக இருப்பதில்லை. கீரையாக இருக்கும்போது எனக்குப் பெயர் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அன்று மகளின் கீழ் இமையை நான் எத்தனை முறை இழுத்துப் பார்த்தேன் என்று தெரியாது. கடைசியில் அவள் என்னைக் கண்டாலே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் டியூஷன் நடக்கும் தெருவில் மழைத் தண்ணீர் நின்றதால் பிள்ளைகள் வரவில்லை. பத்தே நிமிடத்தில் வீடு திரும்பினேன். முன்கட்டில் அவள் கீரைச்சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் அவளுடைய பையன்கள். மடியில் என் மகள். வாயைத் திறந்து காத்திருக்கிறாள். உருண்டை உள்ளே போகிறது, வாய் மூடுகிறது, மறுபடி திறக்கிறது. தாடையில் ஒரு சொட்டுப் பச்சை இல்லை.

"எத்தனை நாளா?" என்றேன். குரல் எனக்கே கிறீச்சிட்டுக் கேட்டது.

"இன்னா எத்தினி நாளா?"

"கீரை. எத்தனை நாளா குடுக்குற?"

"நீ டியூசன் போறப்பல்லாம் தான். பசங்க துன்னும்போது அதுவும் வாயத் தொறக்குது. மூஞ்சத் திருப்பிக்கினு நான் மட்டும் துன்ன முடியுமா?"

"எதெது போட்ட? பேரில்லாதது இருந்துச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

அவள் கையிலிருந்த உருண்டையைச் சட்டியில் வைத்தாள். "எம் பசங்களுக்கு இன்னா போட்டனோ அதத்தான் போட்டேன். வேற எதுவும் போடல" என்றாள். அவ்வளவுதான். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் மகள் சட்டியைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள்.

அன்று முழுவதும் குழந்தையைக் கண்காணித்தேன். நன்றாக விளையாடினாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாரக்கணக்காகச் சாப்பிட்டவளுக்கு இன்று மட்டும் என்ன வந்துவிடும் என்று ஒரு பக்கம் தோன்றியது. கேட்ட விதம் தப்பு என்று இன்னொரு பக்கம். மறுநாள் மூன்று மணிக்கு முன்கட்டு வாசலில் போய் நின்றேன்.

"பறிக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறியா? பூ இல்லாம கத்துக்கணும்."

அவள் ஒரு பையை என்மேல் எறிந்தாள். "வா. புக்கை வூட்டுலயே வெச்சுட்டு வா."

வேலிக்குள் அவள் நின்று பறிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து நகர்ந்துகொண்டே போனாள். ரோட்டை ஒட்டியும், கால்வாய் ஓரத்திலும் கை வைக்கவே இல்லை. குப்பைக்கீரையின் இலை நுனியில் யாரோ கடித்தது போல் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதைக் காட்டினாள். அது புத்தகத்திலும் இருக்கிறது. நான்தான் பூவைத் தேடும் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என் பையும் நிறைந்தது. அவள் அதைக் கிளறிப் பார்த்து ஒரு கன்றை மட்டும் இரண்டு விரலால் எடுத்து என் மூக்கருகே கசக்கினாள்.

"இது இன்னா?"

நாற்றம் அடித்தது. "தெரியலயே."

"ஊமத்தங்கண்ணு. இத்த உள்ள போட்டுக் கடைஞ்சா, நீயும் அண்ணனும் தெருவுல டான்ஸ் ஆடிகினு போவீங்க. நான் கை தட்டிகினு வருவேன்."

ஊமத்தையை அதன் பூவை வைத்துப் பஸ்ஸில் போகும்போதே அடையாளம் சொல்வேன். நான்கு இலைக் கன்றாக என் கையாலேயே பறித்துப் போட்டிருந்தேன். அதை அவள் விரலிலிருந்து தட்டிவிட்டேன். ஆனால் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் பறிப்பேன், அவள் கிளறிப் பார்ப்பாள், பிறகுதான் சட்டி அடுப்பில் ஏறும். மகளுக்குக் கீரை ஊட்டுவதும் சிரப் கொடுப்பதும் முன்கட்டில்தான். என் கையிலிருந்து வாங்க அவள் சம்மதித்தாள், பையன்கள் இருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், "பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கு" என்றார். சீட்டைத் திருப்பி வாங்கி நானும் இரண்டு முறை படித்தேன். பெயர் என் மகளுடையதுதானா என்றும் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முன்கட்டில் சொன்னேன். சொல்லிவிட்டு, படித்த பழக்கத்தில் சேர்த்தேன்: "ஆனா சிரப்பால ஏறுச்சா, கீரையால ஏறுச்சான்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"சிரப்ப அது எங்க குடிச்சுது? பாதி எம் பொடவைல கீது, வந்து பாரு."

அந்த வாரம்தான் பெயரில்லாத வாளியும் கடைசியில் பூத்தது. சின்னச் சின்ன உருண்டைகளாகப் பூ. புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்து ஓடிப்போய்ச் சொன்னேன். "அல்மேனியா!"

"கார் கம்பெனி பேரு மாதிரி கீது" என்றாள். "பேரு கெடச்சுட்சில்ல? இனிமே அத்தத் துன்ன முடியாது."

அதைச் செய்தித்தாளில் வைத்து அமுக்கத்தான் முதலில் நினைத்தேன். பிறகு விதை முற்றும் வரை விட்டு, உதிர்த்து, ஐந்து வாளியிலும் தூவினேன். பெற்றோர் யார் என்று தெரிந்த கன்றுகள், ஆகவே பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பத்து நாளில் பச்சை எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் வளரட்டுமா, இப்போதே கிள்ளலாமா என்று ஒரு காலை நான் குனிந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மகள் பக்கத்து வாளியில் ஒரு தளிரைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் வாயை நோக்கி என் விரல் போய்விட்டது. பாதியில் நிறுத்தி, அவள் கையில் மிச்சமிருந்த காம்பைப் பார்த்தேன். பெயரில்லாமல் இருந்த கீரைதான். எனக்குத் தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டேன். அவள் நிதானமாக மென்று பார்த்துவிட்டு, வெளியே துப்பி, முன்கட்டைக் காட்டினாள். கடைந்து தர வேண்டுமாம்.